கொல்லை முருங்கையும் டப்பா முருங்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசிக்கும் கர்ப்பிணிகளைப் பார்க்கவும் வீடு வீடாக நடந்த காலத்தில், எந்த வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது என்பது எனக்கு மனப்பாடம். இப்போதும் தேவனாம்பட்டினத்திலிருந்து பாகூர் வரைக்கும் தெரிந்தவர்கள் என்னிடம் உடம்பைப் பற்றிக் கேட்கிறார்கள். அதில் முருங்கை அடிக்கடி வருகிறது. முன்பெல்லாம் கையில் கீரைக் கொத்தோடு கேட்பார்கள். இப்போது பச்சைப் பொடி டப்பாவோடு வருகிறார்கள். பலரும் திரும்பத் திரும்பக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முருங்கை 300 நோயைத் தீர்க்கும் என்கிறார்களே, நிஜமா அக்கா?

இல்லை. எந்த மரமும் 300 நோயைத் தீர்க்காது. முருங்கையில் சத்து அதிகம், விலை குறைவு, வருஷம் முழுக்கக் கிடைக்கும், வறட்சியிலும் துளிர்க்கும். ஒரு மரத்துக்கு இதைவிட வேறு பெருமை வேண்டாம். சத்துக் குறைவால் வரும் கோளாறுகளைத் தள்ளி வைக்க அது நிச்சயம் கை கொடுக்கும். புற்றுநோயைக் கரைக்கும், சர்க்கரையை ஒழிக்கும், கிட்னியைக் கழுவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப் பேசி விற்பவர் உங்கள் பயத்தைக் காசாக்குகிறார்.

மோரிங்கா என்பதும் முருங்கை என்பதும் ஒன்றுதானா? வெளிநாட்டு மரமோ?

ஒன்றேதான், நம் நாட்டு மரம்தான். இமயமலை அடிவாரத்து வடமேற்குப் பகுதி அதன் பிறப்பிடம் என்கிறார்கள் தாவரவியல் அறிஞர்கள். மோரிங்கா ஒலிஃபெரா என்று பெயர் வைத்தவர் லாமார்க் என்ற பிரெஞ்சுக்காரர். மோரிங்கா என்ற சொல்லே முருங்கையிலிருந்து போனது. நம்மிடமிருந்து கப்பலேறிய பெயர், டப்பாவில் அடைபட்டு நமக்கே திரும்பி வந்திருக்கிறது. சங்கப் பாட்டு ஒன்றில், வறண்ட பாலை வழியில் சூறைக்காற்று அடித்து முருங்கைப் பூ உதிர்வதை, அலை உடைந்து சிதறும் கடல் துளியோடு ஒப்பிட்டிருப்பார் புலவர். மாசி பங்குனியில் எங்கள் தெரு முருங்கை பூத்துக் கொட்டும்போதெல்லாம், அவர் இந்தக் கரையில் நின்று கடலைப் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றும்.

சரி, கீரையில் என்னதான் சத்து இருக்கு? அளவோடு சொல்லுங்க.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு உணவுகளை அளந்து 2017-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதன்படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் புரதம் சுமார் 6.4 கிராம், நார்ச்சத்து சுமார் 8 கிராம், கால்சியம் 314 மில்லிகிராம், இரும்பு நாலரை மில்லிகிராம், வைட்டமின் சி 108 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பழைய புத்தகங்களில் வேறு எண்கள் இருக்கும். மண், பருவம், இலை முற்றலா தளிரா என்பதைப் பொறுத்து அளவு மாறும். அதனால் இவற்றைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

100 கிராம் கீரையை ஒரு ஆள் ஒரு வேளையில் சாப்பிடுவது அபூர்வம். ஒரு தட்டில் விழும் பொரியலுக்கு 50 கிராம் பச்சை இலை என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்னதில் பாதி. அதுவே பெரிய விஷயம். கீரைகளில் இவ்வளவு புரதம் இருப்பது அதிகமில்லை.

எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுகிறார்கள். என் கணக்கில் முருங்கைக்கீரையின் பெரிய சொத்து பீட்டா கரோட்டின். அதை உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். 100 கிராமில் 17 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சமைக்கும்போது கொஞ்சம் போனாலும், ஒரு தட்டுக் கீரையிலேயே பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவையில் கணிசமான பங்கு கிடைத்துவிடும். மாலைக்கண், கண் வறட்சி, அடிக்கடி சளி காய்ச்சல் என்று குழந்தைகள் அவதிப்பட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் சில வீடுகளின் வேலியிலேயே முருங்கை நின்றது. கீரை ஆடு தின்னப் போகும், பிள்ளை கடை பிஸ்கட் தின்னும். அது இன்றைக்கும் என்னை வதைக்கிறது.

டப்பாவில் "பாலைவிடப் பல மடங்கு கால்சியம், ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி" என்று போட்டிருக்கிறதே?

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முருங்கை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காயவைத்தால் தண்ணீர் போய் மிச்சமெல்லாம் செறிவாகும். காய்ந்த பொடி 100 கிராமையும் பால் 100 கிராமையும் பக்கத்தில் வைத்தால் பொடி ஜெயிக்கத்தான் செய்யும். ஆனால் 100 கிராம் பொடியை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு டீஸ்பூன் என்பது 3 கிராம் அளவு. 100 கிராம் பொடியில் 2,000 மில்லிகிராம் கால்சியம் என்று எடுத்துக்கொண்டாலும் ஒரு ஸ்பூனில் 60 மில்லிகிராம்தான். ஒரு தம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், சுமார் 240 மில்லிகிராம் இருக்கும். நாலு ஸ்பூன் பொடி போட்டால்தான் ஒரு தம்ளர் பாலுக்கு ஈடு. நாலு ஸ்பூன் போட்ட சாப்பாட்டை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அதையே 50 கிராம் பச்சைக் கீரையாகச் சாப்பிட்டால் 150 மில்லிகிராமுக்கு மேல் தட்டிலேயே வந்துவிடும்.

வைட்டமின் சி கதை இதற்கு நேர்மாறு. அது பச்சை இலையில் இருப்பது. காயவைக்கும்போது பெரும்பகுதி போய்விடும். பச்சை இலைக்கு உரிய பெருமையைப் பொடி டப்பாவில் அச்சடிப்பது நியாயமில்லை.

பொடி கெட்டது என்று நான் சொல்லவில்லை. கீரை கிடைக்காத ஊரில், விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்கு, வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவளுக்கு அது உதவும். கொல்லையில் மரத்தை வைத்துக்கொண்டு டப்பாவுக்குக் காசு கொடுப்பதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

ரத்தம் கம்மியா இருக்குன்னு சொன்னாங்க. மாத்திரையை நிறுத்திட்டு முருங்கை சாப்பிடலாமா?

கூடாது. மற்ற எந்த பதிலை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஆகவே இந்தக் கேள்வி உங்கள் ஒருவருடையது இல்லை, தெருவில் வீடு விட்டு வீடு இருக்கும் கேள்வி.

பெரிய பெண் ஒருத்திக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவில் வேண்டும் என்பது நம் நாட்டு 2020 பரிந்துரை. ஒரு தட்டு முருங்கைக்கீரை இரண்டேகால் மில்லிகிராம் தரும். ஒரு ஸ்பூன் பொடி ஒரு மில்லிகிராம்கூடத் தராது. அதிலும் செடி கொடிகளில் இருக்கும் இரும்பில் சிறு பங்கைத்தான் உடம்பு உறிஞ்சும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இறங்கிப்போன ரத்தத்தை ஏற்றுவது மாத்திரையின் வேலை. ஏறியதை மறுபடி இறங்காமல் வைத்துக்கொள்ள கீரை துணை நிற்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு கர்ப்பிணிப் பெண், மாத்திரை சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிட்டு, இரண்டு மாசம் வெறும் முருங்கை ஜூஸ் குடித்தாள். ஏழாம் மாசத்தில் படியேற முடியாமல் மூச்சு வாங்கியபோதுதான் வந்து சொன்னாள். மலம் கறுப்பாவது இரும்பு மாத்திரையால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்று அவளிடம் முன்னாலேயே உட்கார்ந்து சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டாள். நான் சொல்லாமல் விட்டது. அதனால் இப்போது கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுகிறேன். பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாமா, ராத்திரியில் போடலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எப்படிச் சமைத்தால் கீரையின் சத்து உடம்பில் சேரும்?

நல்ல கேள்வி. எத்தனை சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை ஒட்டியது என்பதே கணக்கு.

முதலில் எலுமிச்சை. கீரையில் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்ச வைட்டமின் சி உதவும். கீரையில் இருந்த சி சூட்டில் குறைந்துவிடுவதால், அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆறியபின் அரை மூடி பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் அதுவும் வீண். நெல்லிக்காய்த் துவையல், கொய்யாத் துண்டு எதுவானாலும் சரி, அதே வேளைச் சாப்பாட்டில் இருக்கட்டும்.

அடுத்து எண்ணெய். பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். எண்ணெயே இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுவது சிக்கனம் மாதிரித் தெரியும், கண்ணுக்குப் போக வேண்டியது குடலோடு போய்விடும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், வேர்க்கடலைப் பொடி எதுவும் போதும். நம் அம்மாக்கள் செய்த பொரியலில் இவை எல்லாமே இருந்தன.

மூன்றாவது டீ. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. டீயும் காபியும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே விதி.

பச்சையாக அரைத்துக் குடிப்பதுதான் முழுச் சத்து என்று சிலர் நினைக்கிறார்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் ஆய்வகத்தில் சோதித்தபோது, வேகவைத்த முருங்கை இலையிலிருந்துதான் இரும்பு கூடுதலாக விடுபட்டது. வேகவைப்பது நஷ்டமில்லை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதுதான் நஷ்டம். அதை ரசத்திலோ சூப்பிலோ சேர்த்துவிடுங்கள்.

மற்றவை கைப்பக்குவம். கொத்தை ஈரமில்லாமல் ஒரு துணியில் சுற்றி ராத்திரி வைத்தால் காலையில் இலை தானாக உதிரும், உருவும் வேலை பாதியாகும். வாணலியை மூடாதீர்கள், பச்சை மங்கிக் கசப்பு ஏறும். கரண்டியால் ஓயாமல் கிளறினால் உருண்டை கட்டிக்கொள்ளும். வெந்த துவரம்பருப்போ பாசிப்பருப்போ தூவிப் புரட்டினால் பொலபொலவென்று வரும். எங்கள் பக்கத்தில் கேழ்வரகு மாவில் வெங்காயம், பச்சைமிளகாய், கை நிறைய முருங்கைக்கீரை போட்டுத் தட்டும் அடைக்கு நான் எதையும் இணை சொல்ல மாட்டேன். கேழ்வரகில் கால்சியம், கீரையில் மிச்சம். சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சூடாக ஒன்று போதும்.

ராத்திரியில் கீரை சாப்பிடலாமா?

நஞ்சாகிவிடாது. நார்ச்சத்து அதிகம், செரிக்க நேரமாகும், சாப்பிட்டதும் படுத்தால் வயிறு உப்பும். வயசானவர்களும் வயிற்றுக்கோளாறு உள்ளவர்களும் பகலில் சாப்பிடட்டும். மற்றவர்கள் ஏழு மணிக்குள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

காயும் பூவும் கீரைக்குச் சமமா?

சமமில்லை, ருசியில் வேண்டுமானால் ஒரு படி மேல். காயில் வைட்டமின் சி, நார்ச்சத்து, பொட்டாசியம் நன்றாக இருக்கும். கால்சியமும் இரும்பும் கீரையோடு பார்த்தால் மிகக் குறைவு. சாம்பாரில் மிதக்கும் இரண்டு துண்டைச் சப்பிவிட்டு முருங்கை சாப்பிட்டாயிற்று என்று கணக்கு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் சதையையும் பிஞ்சு விதையையும் வழித்துச் சாப்பிடுங்கள். கடலூர் முதுநகர்ப் பக்கம் கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயோடு முருங்கைக்காயும் விழும். இறாலோடு சேர்த்தால் அந்த மணமே தனி. புரதமும் இரும்பும் மீனிலிருந்து வரும். உணவில் கொஞ்சம் மீனோ இறைச்சியோ இருந்தால் செடி இரும்பும் கூடுதலாக ஒட்டும் என்பது நிரூபணமான விஷயம். இந்தக் கூட்டணியை யார் முதலில் கண்டுபிடித்தாளோ அவள் கெட்டிக்காரி.

பூவைப் பருப்போடு கூட்டு வைக்கலாம், முட்டையோடு வதக்கலாம். பூச்சி ஒளிந்திருக்கும், உப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள்.

வெண்ணெய் உருக்கும்போது முருங்கைக்கீரை போடுவது எதற்கு?

மணத்துக்கும் நெய் சீக்கிரம் சிக்கு நாற்றம் பிடிக்காமல் இருக்கவும். கொழுப்பு கெடுவதைத் தாமதப்படுத்தும் பொருள்கள் இலையில் இருக்கின்றன. மொறுமொறுவென்று அடியில் தங்கும் இலையைச் சோற்றில் பிசைந்து யார் சாப்பிடுவது என்று எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முருங்கை மருந்தா?

சிறு எண்ணிக்கையில் ஆட்களை வைத்துச் செய்த சில சோதனைகளில், சாப்பாட்டோடு முருங்கை இலை சேர்த்தபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஓரளவு குறைந்தது. ரத்த அழுத்தம் குறைவதற்கான அறிகுறிகளும் விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். இலையில் உள்ள ஐசோதயோசயனேட் வகைப் பொருள்களும் க்ளோரோஜெனிக் அமிலமும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நம்பிக்கை தரும் விஷயம்தான், ஆனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு இல்லை.

சர்க்கரை உள்ளவர் தட்டில் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரையை வைத்தால் கண்டிப்பாக நல்லது. அது மருந்தாக வேலை செய்வதால் மட்டும் இல்லை, சோறு குறைந்ததால். அதே மாத்திரையோடு முருங்கைப் பொடியையும் ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்தால் சர்க்கரையோ பிரஷரோ சிலருக்கு அதிகமாக இறங்கித் தலைசுற்றலாம். பொடியை வழக்கமாக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

சாதாரணமாகச் சமைத்த கீரைக்கும் காய்க்கும் பெரும்பாலானவர்களுக்குத் தடை இல்லை. பொடி, மாத்திரை, சாறு என்று செறிவாக எடுப்பவர்கள்தான் இதைப் படிக்க வேண்டும்.

தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் போடுகிறவர்கள், அதே நேரத்தில் முருங்கை ஜூஸும் வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். கால்சியமும் இரும்பும் அந்த மாத்திரையை உறிஞ்சவிடாமல் தடுக்கும். நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இதய வால்வு அறுவை செய்து, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் வகை மாத்திரை எடுப்பவர்கள், கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, திடீரென்று விடவும் கூடாது. இலையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். வாரத்துக்கு எத்தனை முறை என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டு டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பொட்டாசியத்துக்காகக் கீரை, காய் இரண்டையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். "முருங்கை கிட்னிக்கு நல்லது" என்று யாரோ அனுப்பியதைப் பார்த்து ஜூஸ் குடித்துவிடாதீர்கள்.

கர்ப்பமா இருக்கும்போது முருங்கை சூடு, கரு கலைஞ்சிடும்னு மாமியார் சொல்றாங்க.

மாமியார் சொல்வதில் பாதி சரி. வேரும் பட்டையும் கர்ப்பிணிக்கு ஆகாது. கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை அவற்றுக்கு உண்டு, கருக்கலைப்புக்கே அந்தக் காலத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த பயம்தான் மரம் முழுக்கப் படர்ந்துவிட்டது. சமைத்த கீரையையும் காயையும் உணவளவில் கர்ப்பிணிகள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறார்கள். வாரம் இரண்டு மூன்று நாள் பொரியலோ கூட்டோ சாப்பிடலாம். பொடி, கேப்சூல், வேர்க் கஷாயம் எதுவும் வேண்டாம்.

மாமியாரோடு வாதம் பண்ணாதீர்கள். "வேரும் பட்டையும் தொட மாட்டேன் அத்தை, கீரை மட்டும் நீங்களே ஆய்ந்து கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் இது பலித்திருக்கிறது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுமா?

பிலிப்பைன்ஸ் நாட்டில் முருங்கையை மலுங்காய் என்பார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு அதைக் கொடுப்பது அங்கே ஊர் வழக்கம். அங்கே நடந்த சிறு ஆய்வுகளில் பால் அளவு கூடியதாகத் தெரிந்தது. நம் ஊரில் பூண்டு போட்ட முருங்கைக்கீரையும் பால்சுறாப் புட்டும் கொடுப்பது போலத்தான். தாய்க்குச் சத்தும் தெம்பும் வரும், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பால் ஊறுவதற்கு முதல் காரணம் குழந்தை அடிக்கடி சப்புவதும் தாய் நிம்மதியாகத் தூங்குவதும். "பால் பத்தலை" என்று புட்டிப்பாலைத் தொடங்கிவிட்டுக் கீரையைத் திட்டினால் என்ன செய்வது?

குழந்தைக்கு எப்போதிலிருந்து கொடுக்கலாம்?

ஆறு மாதம் முடிந்தபின், பருப்புச் சாதத்தோடு நன்றாக வேகவைத்து மசித்த தளிர் இலையை ஒரு சிட்டிகையில் தொடங்குங்கள். ஒரு சொட்டு நெய் விடுங்கள். வயிறு இளகினால் இரண்டு நாள் நிறுத்தி மறுபடி கொடுங்கள். காம்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது, தொண்டையில் சிக்கும்.

வேர்ப்பட்டை மூட்டுவலிக்கு நல்லதாமே, அரைத்துக் கட்டலாமா, குடிக்கலாமா?

குடிக்காதீர்கள். வேரில் குதிரைமுள்ளங்கி போன்ற காரம் இருக்கும். வெள்ளைக்காரர்கள் அந்த வேரைத் துருவிச் சட்னி மாதிரித் தொட்டுக்கொண்டார்கள். ஆனால் வேர்ப்பட்டையில் நரம்பைப் பாதிக்கும் ஆல்கலாய்டு இருக்கிறது. சித்த மருத்துவர் நச்சை நீக்கிச் சுத்தி செய்து அளவோடு கொடுப்பது வேறு, நாம் கொல்லையில் தோண்டிக் கஷாயம் வைப்பது வேறு. மேலே அரைத்துப் பூசினாலும் தோல் சிவந்து கொப்புளம் வரலாம்.

ஆண்மைக்கு?

மனிதர்களிடம் அப்படி நிரூபணமாகவில்லை. சினிமாக்காரர்கள் சிரிக்க வைக்கச் சொன்னதை ஊர் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டது. நல்ல சாப்பாடு உடம்பைத் தெம்பாக வைக்கும், அவ்வளவுதான்.

வெள்ளம் வந்தால் முருங்கை விதையால் தண்ணீரைச் சுத்தம் செய்யலாமா?

2015 வெள்ளத்துக்குப் பின் இதை நிறையப் பேர் கேட்டார்கள். விதைப் பருப்பில் நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு புரதம் இருக்கிறது. கலங்கல் நீரில் மிதக்கும் மண்துகள் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டிக் கனத்து அடியில் படிந்துவிடும். சூடானில் நைல் நதிக் கலங்கலைப் பெண்கள் இப்படித் தெளியவைப்பதைக் கவனித்து, சாமியா அல் அசாரியா யான் என்ற ஆய்வாளர் 1970-களில் முறையாக ஆராய்ந்தார்.

காய்ந்த நெற்றிலிருந்து எடுத்த விதையைத் தோலுரித்து நசுக்கி, ஒரு லிட்டர் கலங்கல் நீருக்கு ஒன்றிரண்டு விதை அளவில் கரைத்து, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, ஒன்றிரண்டு மணி நேரம் ஆடாமல் வைத்தால் மேலே தெளிந்து நிற்கும். தெளிவு வேறு, சுத்தம் வேறு. கிருமிகள் கணிசமாகக் குறையும், முழுக்கச் சாகாது. வடிகட்டிக் கொதிக்க வைத்தபின்தான் குடிக்க வேண்டும். உப்புத் தண்ணீரும் ரசாயனம் கலந்த தண்ணீரும் இதனால் சரியாகாது.

வீட்டிலேயே பொடி செய்வது எப்படி?

காலையில் பறித்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, துணியில் ஈரத்தை ஒற்றி, காற்றோட்டமான நிழலில் மெல்லிசாகப் பரப்புங்கள். வெயில் நேரே பட்டால் நிறமும் கரோட்டினும் போகும். கையில் எடுத்தால் சருகாக நொறுங்க வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ஐப்பசி கார்த்திகையில் முயற்சி செய்யாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். தையிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். ஒரு கிலோ பொடிக்கு நாலைந்து கிலோ இலை ஆகும். இறுக்கமான டப்பாவில் இருட்டில் வைத்து இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இட்லிப் பொடியில் கலப்பது எனக்குப் பிடித்த வழி. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வண்டிப் புகையில் நிற்கும் மரத்து இலை இதற்கு வேண்டாம்.

கடையில் வாங்கினால் உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி இரண்டையும் பாருங்கள். பழுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டு முன்னால் முருங்கை வைக்கக் கூடாது, வேதாளம் ஏறும் என்கிறார்களே?

வேதாளம் ஏறாது, கம்பளிப்பூச்சி ஏறும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கூட்டம் கூட்டமாக அப்பிக்கொள்ளும், முடி பட்டால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். இன்னொன்று, முருங்கைக் கிளை தக்கை. பிள்ளைகள் ஏறினால் ஒடிந்து விழுவார்கள். வாசலில் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இந்த இரண்டும் போதிய காரணம். பின்பக்கம், கிணற்றடித் தண்ணீர் தேங்காத இடத்தில் வையுங்கள். பூச்சிக்கு மீன் எண்ணெய் சோப்பு ஒரு லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். வீட்டுக் கீரைக்கு வீரியமான பூச்சிமருந்து அடிக்கவே அடிக்காதீர்கள், நாளைக்கு அதைத்தான் பறித்துச் சாப்பிடப் போகிறீர்கள்.

மர முருங்கை நல்லதா, செடி முருங்கை நல்லதா?

இடத்தைப் பொறுத்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.1 என்ற செடி முருங்கை, விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். சிறிய கொல்லைக்கும் மொட்டை மாடிப் பெரிய தொட்டிக்கும் சரி. யாழ்ப்பாண முருங்கை போன்ற மர வகைகளைப் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, நட்டு வளர்ப்போம், பல வருஷம் நிற்கும். பண்ணுருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் இரண்டுமே வரும். தோட்டமாகப் போட நினைப்பவர்கள் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்திலோ, புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்திலோ போய்க் கேளுங்கள். 2022-ல் தமிழக அரசு அறிவித்த முருங்கை ஏற்றுமதி மண்டலத்தின் ஏழு மாவட்டங்களில் கடலூர் இல்லை. ஐப்பசி மழையில் நீர் தேங்கும் நம் வயல்களுக்கு முருங்கை பெரும்பயிராகப் பொருந்தாது. கரூர்ப் பக்கத்து வறண்ட காடு அதற்கு ஏற்றது. நமக்கு வீட்டுக்கு ஒன்று என்பதுதான் சரியான அளவு.

போத்து எப்படி நடுவது? புயலில் ஒடிந்துவிடாதா?

ஒடியும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் தெருவில் ஒரு முருங்கைகூட நிற்கவில்லை. பண்ணுருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அந்தப் பலாவை மறுபடி வைத்துக் காய் பார்க்க வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். முருங்கை அப்படி இல்லை. ஒடிந்து கிடந்த கிளைகளில் கை மணிக்கட்டு கனமுள்ளதாகப் பொறுக்கி, மூன்று நாலடி நீளத்துக்கு வெட்டி, நிழலில் இரண்டு நாள் ஆறவைத்து, தெருவில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். தை முடிவதற்குள் துளிர்த்துவிட்டது. வீடு கூரையில்லாமல் இருந்த குடும்பங்களுக்குச் சித்திரையில் கீரை கிடைத்தது.

நடுவதற்கு ஒன்றரை அடிக் குழி போதும். மணலும் தொழுஉரமும் கலந்து, அடி தெரியும்படி மேடு கட்டி, போத்தின் மேல்முனையில் சாணி அப்புங்கள், வெயிலில் காயாது. தண்ணீர் கொஞ்சமாக விடுங்கள். அழுகிப்போகும் போத்துகளில் பெரும்பாதி அன்பு மிகுதியால் தண்ணீர் ஊற்றிக் கெட்டவை. ஒரு வருஷம் ஆனதும் காய்ப்பு முடிந்த ஆடியில் மூன்றடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், மனசு பொறுக்காது என்றாலும் வெட்டுங்கள். புது துளிர் கைக்கு எட்டும் உயரத்தில் வரும், ஐப்பசிக் காற்றுக்கும் ஒடிய பெரிய கிளை இருக்காது. வெட்டிய கிளையில் நல்லதாக இரண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் யாராவது கேட்பார்கள்.